கை எட்டாத கூலன்ட் ஹோஸுக்குக் கேபிள் பிளையர்: வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் பிக்கப்பும் சின்ன லோரியும் சொகுசுக்கு வைத்திருக்கும் வண்டிகள் அல்ல. செம்பனைக் குலை ஏற்றுவது, உர மூட்டை இறக்குவது, ஈப்போவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது எல்லாம் ஒரே வண்டிதான். அதில் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வாலை (எஞ்சினையும் ஆள் உட்காரும் பகுதியையும் பிரிக்கும் தகட்டை) ஒட்டி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணி ஓடும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் கசிய ஆரம்பித்தால், ஹோஸின் விலையைவிட அதை எட்டிப் பிடிக்கிற கூலி அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னதே இந்த வேலைக்காகத்தான் போலிருக்கும். வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று இறங்குகிறவர்களை நிறுத்துவது ஹோஸ் அல்ல. அதன் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் கிளிப்தான். விரல் எட்டும், ஆனால் பிளையர் நுழையாது. பிளையர் நுழைந்தால் வாய் திறக்க இடமிருக்காது.

அந்த இடத்துக்காகவே செய்த கருவிதான் கேபிள் பிளையர். ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் சின்ன வாய், நடுவில் சைக்கிள் பிரேக் கேபிள் போல ஏறக்குறைய 60 செ.மீ. நீளத்துக்கு உறை போட்ட எஃகுக் கம்பி. கைப்பிடியை அழுத்தினால் உள்கம்பி இழுபட்டு வாய் மூடும். கிளிப்பின் இரண்டு காதுகளும், அதாவது வெளியே நீட்டிய முனைகளும், நெருங்கும், கிளிப் விரியும். கைப்பிடியில் பல் வைத்த பூட்டு இருக்கிறது. விரிந்த நிலையில் பூட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். பாக்கெட்டில் பெரும்பாலும் 18 முதல் 54 மி.மீ. வரையுள்ள கிளிப்புகளுக்கு என்று அச்சடித்திருக்கும். பேர் இல்லாத ரகம் இணையக் கடைகளில் 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது; பேர் பெற்ற நிறுவனங்களின் சாமான் அதைப்போல் சில மடங்கு.

வாங்கலாம் என்பதே எங்கள் முடிவு. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. கிளிப்பைக் கழற்ற இது உதவும் என்பார்கள். கழற்றுவதற்கு வேறு வழியும் உண்டு: எப்படியும் வீசப்போகிற பழைய கிளிப்பை வெட்டியே எடுக்கலாம். இந்தப் பிளையரின் அருமை திரும்பப் போடும்போது தெரியும். எட்டாத இடத்தில் ஸ்பிரிங் கிளிப்பையே மறுபடியும் சரியான இடத்தில் உட்கார வைக்க இது விடுகிறது. இது கையில் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? திருகு கிளிப் வாங்கி, ஒரு நீட்டு ஸ்குரூடிரைவரை எங்கேயோ சாய்வாக விட்டு, முடிந்தவரை முறுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் பச்சை உப்புப் பூத்திருக்கும்.

ஸ்பிரிங் கிளிப்பை ஏன் விடக் கூடாது

வண்டி செய்கிறவர்கள் ஸ்பிரிங் கிளிப் போடுவது மலிவு என்பதால் மட்டும் அல்ல. ஹோஸ் ரப்பர் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். உள்ளே நுழைந்திருக்கும் குழாய் அலுமினியமோ இரும்போ பிளாஸ்டிக்கோ, அது வேறு அளவில் விரியும். அதோடு ரப்பர் அழுத்தத்தில் இருந்து இருந்து நாளடைவில் மெலிந்துவிடும். ஸ்பிரிங் கிளிப் இந்த மாற்றத்தோடு கூடவே விரிந்து சுருங்கி, பிடியை விடாமல் வைத்திருக்கும். திருகு கிளிப்புக்கு அந்தக் குணம் கிடையாது. எந்த அளவில் முறுக்கினோமோ அதே அளவில் நின்றுவிடும். ரப்பர் மெலிந்ததும் பிடி தளரும். அதனால்தான் ராத்திரி எஞ்சின் ஆறிய பிறகு சொட்டி, காலையில் சூடேறியதும் கசிவு நின்றுபோகிறது. இரவில் தண்ணி போகிறது, பகலில் பார்த்தால் கசிவே தெரியவில்லை என்று போமனையே (பட்டறை மெக்கானிக்கையே) குழப்பும் வியாதி பல நேரம் இதுதான்.

திருகு கிளிப்பில் இன்னொரு கெடுதலும் உண்டு. கசிவைப் பார்த்ததும் கை தானாக இன்னும் ஒரு சுற்று முறுக்கும். பட்டையில் திருகுக்காக வெட்டிய துவாரங்களில் ரப்பர் பிதுங்கும், பட்டையின் ஓரம் ஹோஸை அறுக்கும். பிறகு ஹோஸையே மாற்ற வேண்டியதுதான்.

எட்டுகிற இடத்தில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாதிரி இடத்தில், திருகு கிளிப் போட்டால் பெரிய பாவம் இல்லை. இரண்டு மூன்று முறை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு மறுபடியும் ஒரு தடவை இறுக்கிக்கொள்ளலாம். எட்டாத இடத்தில் அந்த மறு இறுக்கலை யார் செய்வது? அங்கே ஸ்பிரிங் கிளிப்பைத் தவிர வேறு எதுவும் சரிவராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

மலிவு ரகத்துக்கும் விலை கூடியதற்கும் உள்ள வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும். முதலாவது வாய். நல்ல வாயில் கிளிப்பின் காது உட்காரக் குறுக்குக் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடிப் பகுதி சுழலவும் செய்யும், காது எந்தக் கோணத்தில் இருந்தாலும் பிடிக்கும். காடி ஆழமில்லாமல் வழவழப்பாக இருந்தால் பாதி அழுத்தத்தில் காது நழுவிவிடும். நழுவிய கிளிப் குண்டு மாதிரித் தெறிக்கும், கண்ணாடி போடாமல் இந்த வேலையில் குனியவே வேண்டாம். இரண்டாவது கேபிளின் முனை. உள்கம்பியின் கடைசியில் ஈயக் குமிழோ நசுக்கிய உலோக மணியோ இருக்கும். மலிவு ரகம் அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது பூட்டு. அழுத்திப் பூட்டி, பத்து எண்ணிவிட்டு விடுவிக்கும் நெம்பை ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். எளிதாக விடவில்லையென்றால் எஞ்சினுக்குள் கையை விட்டிருக்கும்போதும் விடாது.

வந்தவுடன் வண்டியில் போடாதீர்கள். ஒரு பழைய கிளிப்பை மேசை மேல் வைத்து, கேபிளை நேராக விட்டு ஒரு தடவை, அரைவட்டமாக வளைத்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். வளைவு கூடக் கூட உள்கம்பி உறையோடு உரசும், வாய்க்குப் போய்ச் சேரும் பலம் குறையும். நேராக விட்டால் எளிதில் விரிகிற கிளிப், எஸ் மாதிரி இரண்டு வளைவு விழுந்தால் பாதிகூட விரியாது. கருவியின் உண்மையான எல்லை இதுதான். கேபிளை எந்த வழியாக விட்டால் வளைவு குறைவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்துவிட்டால் மலிவு ரகமே போதும். கேபிளுக்குள் நாலு சொட்டு மெஷின் ஆயில் விட்டுப் பத்துத் தடவை அழுத்தி விட்டால் உரசல் நன்றாகவே குறையும்.

வாயின் தலைப்பகுதிக்கும் இடம் வேண்டும். காதைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடம் இல்லையென்றால் இந்தப் பிளையரும் நுழையாது. நசுக்கிப் போட்ட ஒற்றைக் காது கிளிப்புக்கும் திருகு கிளிப்புக்கும் இது உதவாது.

எந்த ஹோஸ், என்ன அளவு

நம் நாட்டில் விற்கும் வண்டிகள் பலவற்றில், எஞ்சின் தண்ணியின் சூட்டை வண்டிக்குள் தரும் ஹீட்டர் கிடையாது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக, அதாவது பழைய வண்டியாக இறக்குமதியாகி, வந்தவற்றில் இருக்கும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் எஞ்சினின் பின்புறம் ஹோஸ் இல்லாமல் போகாது. டீசல் வண்டியில் இஜிஆர் கூலருக்கும் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையை ஆற்றுவது), ஆயில் கூலருக்கும், தெர்மோஸ்டேட் (சூடேறியதும் தண்ணிக்கு வழி திறக்கும் வால்வு) அடியில் பைபாஸுக்கும் சின்னச் சின்ன ஹோஸ்கள் உண்டு. உள்விட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மி.மீ. பழைய ஹோஸின் உள்விட்டத்தை அளந்தால் ஏமாந்துவிடுவோம், அது வீங்கியிருக்கும். குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து அதற்கேற்ற ஹோஸ் கேளுங்கள்.

வளைவுள்ள ஹோஸுக்கு அச்சில் வார்த்த ஹோஸ்தான் வேண்டும். மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் நேர் ஹோஸை வளைத்துப் போட்டால் வளைவின் உட்பக்கம் மடிந்து, தண்ணி போகும் வழி சுருங்கும். சூடேறி ரப்பர் இளகியதும் மடிப்பு இன்னும் ஆழமாகும். கையில் வளைத்துப் பார்க்கும்போதே மடிப்பு விழுந்தால் அந்த ஹோஸை வாங்காதீர்கள். ஆஃப்கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டிப் பாகங்கள் விற்கும் கடையில்) கிடைக்கும் பழைய ஒரிஜினல் ஹோஸ் வேண்டவே வேண்டாம். எஞ்சின் பாகங்களுக்கு அந்தக் கடைகள் நல்ல இடம், ரப்பருக்கு அல்ல. ரப்பர் வெளியே பளபளவென்று இருந்தே உள்ளே செத்திருக்கும். கூலன்ட்டும் இரண்டு வகை உலோகமும் சேரும்போது உண்டாகும் சின்ன மின்னோட்டம் ஹோஸின் உட்சுவரில் நீளவாக்கில் நுண்விரிசல் போடும். அதுவும் கிளிப்புக்குப் பக்கத்தில், முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் அதிகம். ஆறிய எஞ்சினில் ஹோஸின் நடுவை அழுத்திப் பாருங்கள், பிறகு முனையை அழுத்திப் பாருங்கள். முனை நடுவைவிடத் தொளதொளவென்று இருந்தாலோ, உள்ளே பள்ளம் தட்டுப்பட்டாலோ, வெளியே கசிவு இல்லாவிட்டாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

நீலத்திலும் சிவப்பிலும் அழகாக விற்கும் சிலிக்கான் ஹோஸ் சூடு தாங்கும், ஆயுள் அதிகம். ஆனால் சிலிக்கான் சுவர் வழியாக நீராவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கூலன்ட் டேங்க் மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். மிருதுவானது என்பதால் துவாரப் பட்டைத் திருகு கிளிப் அதை அறுத்துவிடும். எஞ்சின் ஆயில் கசியும் வண்டிக்கும் அது ஏற்றதில்லை. தோட்ட வேலைக்கு ஓடும் வண்டிக்கு சாதாரண ஈபிடிஎம் ரப்பர் ஹோஸே போதும்.

கிளிப்பைப் பழையதிலிருந்து எடுத்துப் போடலாமா? துரு இல்லாமல், காதுகள் நேராக, விட்டால் பழைய வட்டத்துக்கே திரும்பினால் போடலாம். துருப்பிடித்த ஸ்பிரிங் கிளிப் ஒரு நாள் பட்டென்று உடையும். அரை மனதாக இருந்தால் புதிசு வாங்குங்கள். ஹோஸின் வெளிவிட்டத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். கிளிப்பில் எண் அடித்திருந்தால் அதையே காட்டுங்கள்.

வேலை

எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். அது எத்தனை அழுத்தத்தில் மூடி திறக்கும் என்பதன் கணக்கு. 1.1 மூடி போட்ட அமைப்பில் வெறும் தண்ணிகூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய், அந்தத் தண்ணி அத்தனையும் கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிறது என்பது போதாது. ராத்திரி நிறுத்தி, காலையில் வேலை தொடங்குங்கள்.

வண்டியின் கீழே போக வேண்டியிருந்தால் ஜேக் ஸ்டேண்ட் கட்டாயம். செங்கலும் பலகைக் கட்டையும் பாரத்தில் பிளந்துவிடும். செம்மண் தரையில் ஸ்டேண்டின் கால்கள் புதையும், அடியில் கெட்டிப் பலகை போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸ் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே ஓடினால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். கேபிள் பிளையரின் வாய் உலோகம், ஸ்டார்ட்டரின் பெரிய முனையைத் தொட்டால் வெல்டிங் வேலைதான் நடக்கும். தண்ணி படாமல் இருக்க ஆல்டர்னேட்டரை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடுங்கள்.

தண்ணியை முழுசாக இறக்க வேண்டியதில்லை. கழற்றப்போகும் ஹோஸின் மட்டத்துக்குக் கீழே வந்தால் போதும், மேல்பக்க ஹோஸுக்குப் பெரும்பாலும் மூன்று நாலு லிட்டர் இறக்கினாலே ஆகிவிடும். ரேடியேட்டர் அடியில் உள்ள பிளாஸ்டிக் திருகைக் கையால் மட்டும் திருப்புங்கள். வருஷக்கணக்கில் சூடு வாங்கிய பிளாஸ்டிக், பிளையர் பட்டால் நொறுங்கும். இறங்கிய தண்ணியை அளவு போட்ட பாட்டிலில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். கடைசியில் இந்த எண்தான் கை கொடுக்கும். பாத்திரத்தைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கினால் கொஞ்சமே போதும், சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள்.

இனி பிளையரின் முறை. முதலில் கிளிப்பின் காதுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று போனை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் எஞ்சினை வண்டிக்குள் இறக்குவதற்கு முன்பே ஹோஸ் போட்டிருப்பார்கள், காது நமக்கு முதுகு காட்டி இருப்பது சகஜம். அப்போது கிளிப்பை நீளமான ஸ்குரூடிரைவரால் மெல்லத் தட்டிச் சுழற்றிக் காதைத் திருப்பலாம். துருவேறி நகர மறுத்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு, கிளிப்பின் மேல் மட்டும், ரப்பரில் படாமல். காதுகள் வாயின் காடியில் முழுசாக உட்கார்ந்த பிறகே அழுத்துங்கள். மெதுவாக அழுத்தி, விரிந்ததும் பூட்டி, பிளையரோடு சேர்த்துக் கிளிப்பை ஹோஸின் நடுப்பக்கம் இரண்டு விரல்கடை பின்னுக்குத் தள்ளி விடுங்கள்.

கிளிப் தளர்ந்தாலும் பழைய ஹோஸ் வராது. குழாயோடு ஒட்டியிருக்கும். இங்கே இழுக்கிறவர்கள்தான் அதிகம் சேதம் செய்கிறார்கள். ஹீட்டரின் குழாய் மெல்லிய செம்போ அலுமினியமோதான், நெம்பினால் வளையும், வளைந்தால் ஹீட்டரை எடுக்க டேஷ்போர்டையே இறக்க வேண்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தோ கீறிவிடும். ஹோஸைத் திருக மட்டும் செய்யுங்கள். கொஞ்சம் அசைந்தால் வளைந்த கொக்கி ஒன்றை ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அப்படியும் வரவில்லையா, ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்து எடுங்கள். குழாயில் பிளேடு ஆழமாகப் படாமல் இருக்க, கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கையால் கிழிக்கலாம். பழைய ஹோஸ் போகிற வழி நெருக்கமாக இருந்தால், எடுக்கும்போதே அதன் வாலில் ஒரு நூல் கட்டி விடுங்கள். புது ஹோஸை அதே வழியாக இழுத்து வர அந்த நூல் போதும். எடுத்ததை வீசாதீர்கள், நீளமும் வளைவும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குழாயில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு ஒட்டியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரோ 400 எண் மணற்காகிதமோ எடுத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கீறல் ஒவ்வொன்றும் தண்ணி வெளியேற ஒரு வாய்க்கால். குழாயில் குழிகுழியாக அரிப்பு இருந்தால் எத்தனை நல்ல கிளிப் போட்டாலும் கசியும், குழாயைத்தான் மாற்ற வேண்டும். உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இந்த அரிப்பை வெளிப்பக்கமும் பாருங்கள். உரத்தூளும் ஈரமும் சேர்ந்தால் இரும்பை விரைவில் தின்னும்.

புது ஹோஸை உள்ளே விடுவதற்கு முன்பே இரண்டு கிளிப்பையும் அதன் மேல் மாட்டிவிடுங்கள். மறந்துவிட்டு ஹோஸை ஏற்றிய பிறகு கிளிப்பைத் தேடுவது அடிக்கடி நடக்கும் தவறு. காதுகள் பிளையர் வரும் பக்கம் பார்க்கட்டும். அடுத்த முறை கழற்றப் போகிறவருக்கும் இது உதவி. ஹோஸ் வழுக்கி ஏற அதே கூலன்ட்டைக் குழாயில் தடவினால் போதும். எஞ்சின் ஆயில், கிரீஸ், டீசல் எதுவும் வேண்டாம். ஈபிடிஎம் ரப்பர் இவற்றில் வீங்கி இளகிவிடும்.

குழாயின் முனையில் மேடாக ஒரு வளையம் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி, 25 முதல் 30 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும்; நிறுத்தும் மேடு இருந்தால் அதைத் தொடும் வரை. கிளிப் உட்கார வேண்டிய இடம் அந்த வளையத்துக்குப் பின்னால், ஹோஸின் ஓரத்திலிருந்து மூன்று நாலு மில்லிமீட்டர் உள்ளே. வளையத்தின் மேலேயே உட்கார்ந்தால் கொஞ்ச நாளில் சறுக்கி வெளியே வரும். ஓரத்தைத் தாண்டித் தொங்கினால் பாதிப் பட்டைதான் பிடிக்கும். கேபிள் பிளையர் இந்த இடத்தில்தான் தன் விலைக்குப் பதில் சொல்கிறது. கிளிப்பை விரித்துப் பூட்டி, ஒரு கையால் ஹோஸை முழுசாகத் தள்ளி, மறு கையால் கிளிப்பை இடம் பார்த்து வைத்து, அதன்பின் பூட்டை விடலாம். சாதாரண பிளையரில் ஒரு கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், ஹோஸ் முழுசாக ஏறியதா என்று பார்க்க மிச்சம் கையே இருக்காது. விட்ட பிறகு ஹோஸைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது. கண்ணால் பார்க்க முடியாத பக்கத்தைப் போனில் படம் எடுத்துச் சரிபாருங்கள்.

தண்ணி ஊற்றி, காற்றை வெளியேற்றுவது

இங்கே அவசரப்படுகிறவர்கள் நல்ல வேலையை நாசமாக்குவார்கள். புது ஹோஸில் கசிவு இருக்காது, ஆனால் உள்ளே சிக்கிய காற்று எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் ஒரு மூலையில் நின்று அந்த இடத்தைக் காய்ச்சிவிடும். குலை ஏற்றிய லோரி மில் வாசலில் எடைக்காக வெயிலில் ஐட்லிங்கில் நிற்கும்போது காற்றோட்டம் கிடையாது, ஃபேன்தான் எல்லாம். அந்த நேரத்தில்தான் சூட்டு முள் ஏறும், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டின் அடியில் உள்ள அடைப்புத் தகடு) போகும்.

கூலன்ட்டின் நிறத்தை நம்பி ஊற்றாதீர்கள். நிறம் அடையாளத்துக்குச் சேர்க்கும் சாயம்தான், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. டொயோட்டா இப்போது தரும் ரோஸ் நிறக் கூலன்ட் ஏற்கெனவே தண்ணி கலந்தே வருகிறது, அதில் மறுபடி தண்ணி சேர்க்கக் கூடாது. கெட்டியாக விற்பதைக் காய்ச்சி வடித்த தண்ணியோடு பாதிக்குப் பாதி கலப்பது பாதுகாப்பான கணக்கு. பாதிக்குப் பாதி கலவை மூடி அழுத்தம் இல்லாமலே ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். நம் ஊரில் உறைபனி இல்லையே, பைப் தண்ணி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்ட்டில் நமக்கு வேண்டியது உறையாமல் காக்கும் குணத்தைவிட அரிப்பைத் தடுக்கும் மருந்துதான். பைப் தண்ணியிலும் கிணற்றுத் தண்ணியிலும் உள்ள உப்புதான் மேலே சொன்ன வெள்ளைப் பூச்சு. ஏற்கெனவே உள்ள வகை தெரியாவிட்டால் கலக்காதீர்கள், முழுசாக இறக்கிக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு உள்ள எஞ்சினில் அதைத் தளர்த்தி வையுங்கள், குமிழ் இல்லாமல் தண்ணி மட்டும் வரும்போது மூடலாம். மெதுவாக ஊற்றி, நடுநடுவே மேல் ஹோஸைக் கையால் பிசைந்து விடுங்கள். நிரம்பியதும் மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். முகத்தை மேலே நீட்டாதீர்கள். தெர்மோஸ்டேட் திறக்கும்போது மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், மட்டம் சட்டென்று இறங்கும். அந்த இடத்தை நிரப்புங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போடுங்கள், சேமிப்பு டேங்கில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கட்டும்.

இப்போது அந்த எண்ணை எடுங்கள். நாலு லிட்டர் இறங்கியது, மூன்று லிட்டர் இருநூறு மில்லிதான் உள்ளே போனது என்றால், மீதி எண்ணூறு மில்லி இடத்தில் காற்று இருக்கிறது. அப்படியே ஓட்டாதீர்கள். ஆறவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து நிரப்பி, மறுபடி சூடேற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் கணக்கு ஏறக்குறைய சமமாகும்.

கசிவு பார்க்க மூட்டின் அடியில் டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்தால் ஒரு சொட்டுகூடத் தப்பாது. சூட்டில் ஒரு தடவை, ராத்திரி ஆறிய பிறகு ஒரு தடவை பாருங்கள். பட்டறையில் கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் இருந்தால் மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் செம்மண் தூசியும் செம்பனை நாரும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணி அடித்துக் கழுவுங்கள். அந்த அடைப்பு இருக்கும்வரை எந்த ஹோஸும் சூட்டில் சீக்கிரம் முதுமையடையும்.

இதற்குப் பதிலாக என்ன வாங்கலாம்

45 டிகிரி வளைந்த நீள மூக்குப் பிளையர் இதைவிட உறுதி, கேபிள் அறுந்துபோகும் கவலை இல்லை. கிளிப்பைக் கண்ணால் பார்க்க முடிந்து, நேர் வழியும் இருந்தால் அதுவே போதும். முதலில் அதை வாங்குவதே நல்லது. பார்க்கவே முடியாத இடத்துக்குத்தான் கேபிள் பிளையர். வேறு வழியில்லாமல் திருகு கிளிப்தான் போட வேண்டியிருந்தால், துவாரம் வெட்டாத, உட்பக்கம் வழவழப்பான, ஓரம் மடித்த எவர்சில்வர் பட்டை வாங்குங்கள். அதன் திருகுக்கு ஏற்ற 7 மி.மீ. தலையோடு வளையும் தண்டு உள்ள டிரைவர் ஒன்று கைவசம் இருந்தால் சாய்வாக முறுக்கும் தொல்லை இல்லை.

வேலை முடிந்ததும் பிளையரைத் துடைத்து, வாயில் படிந்த கூலன்ட்டைச் சுத்தத் தண்ணியில் கழுவி, காய்ந்த பிறகு கேபிளுக்கு எண்ணெய் விட்டு, வட்டமாகச் சுருட்டித் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் மடித்துத் திணித்தால் உறையில் மடிப்பு விழும், உள்கம்பி அங்கேயே சிக்கிக்கொள்ளும். பூட்டிய நிலையில் வைக்காதீர்கள். கம்பி முனையில் ஓர் இழை பிரிந்திருப்பது தெரிந்தால் அடுத்த வேலைக்கு அதை எடுக்காதீர்கள். அதே தடிமனுள்ள சைக்கிள் பிரேக் உள்கம்பியை வாங்கி மாற்றிக்கொள்ளச் சில ரகங்களில் வசதி இருக்கிறது. கைப்பிடியில் கம்பியின் முனை திருகு வைத்துப் பிடித்திருக்கிறதா, நசுக்கிப் பிடித்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். திருகு வைத்ததாக இருந்தால் இரண்டு வெள்ளி கூடினாலும் அதையே எடுங்கள்.